தொடர்ச்சிக் குறிப்பேடு

என் வேலை சின்னது.
மெழுகுவத்தி எத்தனை விரற்கடை எரிந்திருந்தது,
இடது கையுறையில் எந்தப் பொத்தான் திறந்திருந்தது,
சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகும்
ரொட்டியில் அதே கடித்த தடம் இருக்கிறதா
என்று பார்த்து எழுதுவது.
இருபத்தாறு வருடமாக ரீகாவில்
பொய்கள் ஒன்றோடொன்று முரண்படாமல்
காவல் காத்துச் சம்பளம் வாங்குகிறேன்.

இந்த முறை எடுத்தது அந்த நாவலை.
எங்கள் நாட்டில் அதைப் படிக்காதவரும்
படித்ததாகச் சொல்லிக்கொள்வார்.
தவுகாவா ஆற்றில் படகு விடுகிறவனின் மனைவி
ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்
படித்துறையில் காத்திருப்பாள்.
யாருக்காக என்று
கடைசிவரை சொல்லியிருக்காது.

இயக்குநர் இல்க்வார்ஸ் நல்லவர், பசி தாங்காதவர்.
முதல் நாளே பாதிரியாரை வெட்டினார்.
மறுநாள் இரட்டைச் சகோதரிகளை
ஒருத்தி ஆக்கினார்.
எழுபது பக்கப் பனிக்காலம்
ஜன்னலுக்கு வெளியே பதினோரு விநாடி.
நான் வாய் திறக்கவில்லை.
நாழியோடு கடலுக்கு வந்தவரிடம்
அலை எங்கே என்று கேட்பது அழகல்ல.

மேலங்கி விஷயத்தில்தான் விடவில்லை.
உடைப் பொறுப்பாளர் ஸெல்மா
சாம்பல் நிறத்தில் தைத்து வந்திருந்தாள்.
"பச்சை" என்றேன்.
"பாசி பிடித்த கல்லின் பச்சை.
அக்கரையிலிருந்து பார்த்தால்
அவள் எது, கரை எது என்று தெரியாது.
அதுதானே கதையே!"
அவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை.
அரை நாள் படப்பிடிப்பு நின்றது.
வேறு துணி வாங்கி மூன்று முறை சாயம் ஏற்றினார்கள்.
"விஸ்மாவுக்கு நாவல் மனப்பாடம்" என்றார் இல்க்வார்ஸ்.
விளக்குப் பையன்கள்கூட
மூலநூலைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள்.
பிடித்திருந்தது, சொல்வதற்கென்ன.

முதல் காட்சி யேகப்பில்ஸ் கலாசார மண்டபத்தில்.
எனக்குப் பின்வரிசையில் ஒரு ரயில்வேக்காரர்
அரைமணி நேரம் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்:
பாதிரியாரை என்ன செய்தார்கள்?
இவள் ஏன் இவ்வளவு அழகாயிருக்கிறாள்?
படகில் மோட்டார் சத்தம் கேட்கிறதே?
பிறகு மார்ச் மாதத்து ஆறு வந்தது,
உடைந்த பனிப்பாளங்கள்,
படிக்கட்டு, மேலங்கி.
அவர் வாயடைத்துப் போனார்.
மெல்ல மனைவியிடம் சொன்னார்:
"பார், இது மட்டும் அப்படியே
புத்தகத்தில் இருக்கிற மாதிரி."

அன்றிரவு புத்தகத்தை எடுத்தேன்,
அந்த வரியை
ஒருமுறை ருசித்துவிட்டுத் தூங்கலாமென்று.

இருநூற்று மூன்றாம் பக்கம்:
அவள் மேலங்கியை இறுக்கிக்கொண்டாள்.
அவ்வளவுதான். நிறமில்லை.
முன்னும் பின்னும் புரட்டினேன்.
முதல் பக்கத்திலிருந்து தேடினேன்.
பச்சை என்ற சொல்
ஒரே ஓர் இடத்தில் வருகிறது,
ஊறுகாய் ஜாடியைப் பற்றி.

விடியற்காலையில்தான் ஞாபகம் வந்தது.
பதினேழு வயதில், வால்மியெரா மருத்துவமனையில்,
குடல்வால் எடுத்துப்போட்ட ஒன்பது நாளில்
இதைப் போர்வைக்குள் படித்தேன்.
அரசாங்க முத்திரை குத்திய போர்வை,
டெட்டால் நாற்றம்,
பாசி நிறம்.
ஆற்றங்கரையில் நிற்கிறாளே, குளிருமே என்று
எப்போதோ எடுத்து
அவள்மேல் போர்த்தியிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லவில்லை.
இப்போது புதிய பதிப்பின் அட்டையிலும்
பச்சையில்தான் நிற்கிறாள்.
இனிப் படிப்பவர்களுக்கு
வேறு மேலங்கி கிடைக்குமா, தெரியாது.
அந்த ரயில்வேக்காரர்
அதற்குமுன் எந்த நிறத்தில் அவளை வைத்திருந்தாரோ!

போன வாரம் ஸெல்மாவின் கிடங்குக்கு
வேறு வேலையாகப் போயிருந்தேன்.
மூலையில், பிளாஸ்டிக் உறைக்குள்,
அந்தச் சாம்பல்நிற மேலங்கி.
யாரும் உடுத்தாதது.
மார்ச் மாதத்து தவுகாவா அதே நிறம்தான்;
ஒருவேளை ஸெல்மா சரி. ஒருவேளை அவளும்
எந்தப் போர்வையிலிருந்தோ எடுத்திருப்பாள்.

உறையை விலக்கிப் பார்த்தேன்.
மேல் பொத்தான் திறந்திருந்தது.
போட்டுவிட்டு வந்தேன்.